மாந்தீவும் மாத்திரை அட்டையும்

கல்முனைக் கரையில் கலியாண வீட்டுச் சோறு ஆளுக்கொரு தட்டில் வராது. சஹனில் வரும். பாயை விரித்து, நடுவில் அகன்ற தாலத்தில் சோற்றைக் குவித்து, இறைச்சியையும் கத்தரிக்காய்க் கறியையும் மேலே போட்டு வைத்தால், சுற்றிவர ஐந்தாறு பேர் உட்கார்ந்து விடுவார்கள். எல்லாக் கைகளும் ஒரே சோற்றுக்குள். நல்ல இறைச்சித் துண்டு தன் பக்கம் கிடந்தால் அதைப் பக்கத்தில் இருப்பவர் முன்னால் தள்ளி வைப்பதுதான் மரியாதை. இப்போது மண்டபங்களில் மேசை, நாற்காலி, புஃபே எல்லாம் வந்துவிட்டன. ஆனாலும் மருதமுனையிலிருந்து நிந்தவூர் வரை கந்தூரி, கத்தம், வலீமா என்று எதை எடுத்தாலும் சஹன் இன்னும் இடத்தை விடவில்லை.

இந்தத் தாலத்தைச் சுற்றி உட்காராமல் நழுவுகிறவர்கள் எப்போதும் இருந்திருக்கிறார்கள். சுண்டு விரலும் மோதிர விரலும் உள்ளே மடங்கிப் போனவர், முழங்கையில் வெளிறிய படையை நீளக் கைச் சட்டையால் மூடியவர், புறங்காலில் ஆறாத புண் உள்ளவர். அழைப்பு வந்தால் போவார்கள், மாப்பிள்ளைக்குக் கை கொடுக்காமல் ஸலாம் சொல்லுவார்கள், சோறு வைக்கும் நேரத்தில் காணாமல் போவார்கள். "வயித்துக்குச் சரியில்ல" என்ற ஒரு வரி போதும். யாரும் மேலே கேட்க மாட்டார்கள். ஏன் கேட்கவில்லை என்றும் எல்லோருக்கும் தெரியும்.

அச்சம் இருக்குமிடத்தில் அறிவியல் சொல்வதைச் சொல்லித்தான் ஆக வேண்டும். தொழுநோய் சோற்றாலும் தாலத்தாலும் பரவுவதில்லை. மருந்து எடுக்காத ஒருவரோடு நெடுங்காலம் நெருங்கிப் பழகும்போது, மூக்கு, வாய்த் துளிகள் வழியாகவே கிருமி போகிறது என்பது இன்றைய மருத்துவத்தின் முடிவு. அப்படிப் போனாலும் நூற்றுக்குச் சுமார் 95 பேரின் உடல் அதைத் தானே அடக்கிவிடும். கிருமியை நோர்வேயின் ஹான்சன் 1873 இல் கண்டுபிடித்தார். அது மிக மெதுவாகப் பெருகுகிறது. தொற்றியபின் நோய் வெளியே தெரியச் சராசரியாக ஐந்து ஆண்டுகள், சிலருக்கு இருபது ஆண்டுகள்கூட ஆகும். யாரிடமிருந்து வந்தது என்று தேடிப் பழி சொல்வது இதனாலேயே வீண் வேலை.

சஹன் என்றதும் மார்க்கம் படித்தவர்களுக்கு ஒரு விஷயம் நினைவுக்கு வரும். நபிமொழித் தொகுப்புகளில் இந்த நோய் பற்றி இரண்டு வகையான செய்திகள் இருக்கின்றன. ஒன்று, சிங்கத்தைக் கண்டு ஓடுவதுபோல் தொழுநோயாளியை விட்டு விலகச் சொல்கிறது. மற்றொன்று, நபிகளார் ஒரு தொழுநோயாளியின் கையைப் பிடித்துத் தம்மோடு ஒரே பாத்திரத்தில் உண்ண வைத்ததைச் சொல்கிறது. இரண்டாவதன் அறிவிப்பாளர் தொடர் பலவீனமானது என்பவர்கள் உண்டு. இரண்டையும் பொருத்திப் பார்த்து விளக்கம் எழுதிய அறிஞர்களும் நூற்றாண்டுகளாக உண்டு. ஊர் எதை நினைவில் வைத்துக்கொண்டது என்பதைத் தனியாகச் சொல்ல வேண்டியதில்லை.

கரையோரத்துக்கு மருத்துவமனை வருமுன் நோய்க்கு இரண்டு வாசல்கள் இருந்தன. ஒன்று பரிசாரியின் வீடு. மற்றது பள்ளி. தோல் படைக்குப் பச்சிலைப் பூச்சு, எண்ணெய், கடும் பத்தியம். அதோடு ஓதிய தண்ணீர், கையில் கட்டும் இசிம். கல்முனைக்குடி கடற்கரைப் பள்ளியில் நாகூர் சாகுல் ஹமீது வலியுல்லாவின் பெயரால் கொடியேற்றமும் கந்தூரியும் நடக்கின்றன. தஞ்சை நாயக்க மன்னரின் நோயைத் தீர்த்தவர் என்று நாகூர் மரபு அவரைச் சொல்லும். அவர் பெயரில் நேர்ச்சை வைத்துக் கடற்கரைக்கு வருகிறவர்களில் வெளியே சொல்ல முடியாத நோயுள்ளவர்கள் அன்றும் இருந்திருப்பார்கள். அந்தக் கூட்டத்தில் எதற்காக வந்தாய் என்று யாரும் யாரையும் கேட்பதில்லை. அது ஒரு பெரிய வசதி. ஆனால் அதே காரணத்தால், ஒரே நோயுள்ள இரண்டு பேர் பக்கத்துப் பக்கத்தில் நின்று பாத்திஹா ஓதிவிட்டு, ஒருவரை ஒருவர் அறியாமலே வீட்டுக்குப் போகவும் முடிந்தது.

நோயாளிகளை ஒரே இடத்தில் கொண்டுபோய்ச் சேர்த்தது அரசாங்கம். அதன் நோக்கம் வேறு.

இலங்கையில் இந்த வேலையை ஒல்லாந்தர் தொடங்கினார்கள். களனி கங்கை கடலில் விழும் இடத்துக்குப் பக்கத்தில், ஹெந்தளையில் அவர்கள் எழுப்பிய தொழுநோய் இல்லம் 1708 இல் திறந்தது. நாட்டில் இன்றும் நிற்கும் வைத்தியசாலைகளில் அதுவே மிகப் பழையது. பிறகு பிரித்தானியர் வந்தார்கள். 1897 இல் பெர்லினில் கூடிய முதலாவது சர்வதேசத் தொழுநோய் மாநாடு, நோயாளிகளைப் பிரித்து வைப்பதே வழி என்றது. மருந்து எதுவும் கையில் இல்லாத காலம் அது. மறு ஆண்டே இந்தியாவில் தொழுநோயாளர் சட்டம். 1901 இல் இலங்கையில் 4 ஆம் இலக்கச் சட்டம். நோயுள்ளவரைக் கண்டால் அறிவிக்க வேண்டும், ஆணை பிறந்தால் அவரைக் கொண்டுபோய் அடைக்கலாம். குற்றம் இல்லை, தண்டனைக் காலமும் இல்லை. ஆகவே விடுதலைத் தேதியும் இல்லை.

அடைப்பதற்குத் தீவுகளே தோதாக இருந்தன. ஹவாயில் கடலும் செங்குத்து மலையும் சூழ்ந்த கலாவுபாபா, தென்னாபிரிக்காவில் ரொபன் தீவு, பிலிப்பைன்ஸில் குலியோன். கிழக்கு மாகாணத்துக்குக் கடலுக்குள் போக வேண்டியிருக்கவில்லை. மட்டக்களப்பு வாவிக்குள்ளேயே ஒரு தீவு கிடைத்தது. அதுதான் மாந்தீவு. 20 ஆம் நூற்றாண்டின் முற்பகுதியில் அங்கே தொழுநோய் வைத்தியசாலை எழுந்தது.

மாந்தீவு கல்முனைக்காரருக்கு வேறு மாவட்டத்துச் சங்கதி என்று இன்றைய வரைபடத்தைப் பார்த்து நினைக்கக் கூடாது. அம்பாறை மாவட்டம் பிறந்ததே 1961 இல். அதுவரை கல்முனை, சாய்ந்தமருது, நிந்தவூர், அக்கரைப்பற்று, பொத்துவில் எல்லாம் மட்டக்களப்புக்குள்தான். கச்சேரியும் அங்கே, பெரியாஸ்பத்திரியும் அங்கே. வாவியும் ஒன்றுதான். மட்டக்களப்பு நகரைச் சுற்றும் அதே நீர்தான் தெற்கே நீண்டு கல்முனைக்கு மேற்கே கிட்டங்கி வரை வருகிறது. 1924 இல் கல்லடியில் லேடி மானிங் பாலம் திறக்கப்படும் வரை தெற்கிலிருந்து நகருக்குள் போக வேண்டுமானால் வாவியைத் தோணியில் கடக்க வேண்டும். எல்லோரும் கடந்து திரும்புவார்கள். மாந்தீவுக்கு எடுத்த தோணி திரும்பும்போது நோயாளி அதில் இருக்க மாட்டார்.

வீட்டில் மிஞ்சியவர்கள் என்ன சொன்னார்கள்? வாப்பா பதுளைக்கு வியாபாரத்துக்குப் போனார், மாமா கொழும்பில் இருக்கிறார், பெரியம்மா மௌத்தாகி விட்டார். உயிரோடு இருப்பவரைச் செத்தவர் என்று சொல்லியாவது பெயரைக் காப்பாற்றும் நிலை உலகம் முழுக்க இந்த நோய்க்கு இருந்தது. அமெரிக்காவில் லூசியானா மாநிலத்து கார்வில் மருத்துவமனைக்குள் நுழைந்தவர்கள் வாசலிலேயே புதுப் பெயர் வைத்துக்கொள்வது வழக்கம். குடும்பத்தைக் காப்பாற்ற அது ஒன்றே வழி என்று அவர்கள் நம்பினார்கள்.

இங்கேதான் இந்த வரலாறு எதிர்பாராத ஒரு திருப்பம் எடுக்கிறது. ஒளிப்பதற்காகக் கட்டிய இடங்களுக்குள்ளேயே நோயாளிகள் முதன்முதலாக ஒருவரை ஒருவர் பார்த்தார்கள்.

கார்விலில் புதுப் பெயர் வாங்கியவர்களில் ஸ்டான்லி ஸ்டைனும் ஒருவர். 1931 இல் சக நோயாளிகளுக்காக அவர் ஒரு சிறு பத்திரிகை தொடங்கினார். இடையில் நின்றுபோய், 1941 இல் 'த ஸ்டார்' என்ற பெயரில் மறுபடி வந்தது. ஸ்டைனின் கண்பார்வை போய்விட்டது. பிறர் படித்துக் காட்ட, அவர் சொல்லச் சொல்ல எழுதப்பட்டது ஏடு. புது மருந்து பற்றிய செய்தி, வாக்குரிமைக் கோரிக்கை, முள்வேலியை அகற்றக் கேட்கும் தலையங்கம், நடுவில் மருத்துவமனை விளையாட்டுப் போட்டி முடிவுகள். தபாலில் அது பல நாடுகளுக்குப் போனது. தன்னைப்போல் இன்னொருவர் எங்கோ இருக்கிறார் என்பதை நோயாளிகளுக்குச் சொன்ன முதல் ஏடுகளில் ஒன்று அது.

தமிழருக்கு இன்னும் பக்கத்து உதாரணம் மலேசியாவின் சுங்கை பூலோ. கோலாலம்பூருக்கு வெளியே 1930 இல் திறந்த அந்தக் குடியேற்றத்தில் சீனரும் மலாயரும் தமிழரும் ஒன்றாக இருந்தார்கள். கோயிலும் பள்ளிவாசலும் தேவாலயமும் உள்ளே இருந்தன. வெளியே செல்லாத தனி நாணயம் புழங்கியது. நோயாளிகளுக்கென்று மன்றம், பள்ளிக்கூடம், பூச்செடிப் பண்ணைகள். இன்று கோலாலம்பூர்க்காரர்கள் வீட்டுக்குப் பூச்செடி வாங்கப் போகும் தோட்டங்கள் அந்த நோயாளிகள் தொடங்கியவைதான். அங்கே கலியாணமும் நடந்தது. பிள்ளை பிறந்தால்? தாயிடமிருந்து பிரித்துக் குழந்தைகள் இல்லத்துக்குக் கொண்டுபோனார்கள். பல தாய்மார் பிறகு அந்த முகத்தைப் பார்த்ததே இல்லை.

இதைச் சொல்லாமல் விட்டால் பழைய தீவுகளுக்கு இல்லாத அழகு வந்துவிடும். ஜப்பானில் திருமணம் செய்ய விரும்பிய நோயாளிகளுக்குக் கருத்தடை அறுவை செய்தார்கள். பிரித்து வைக்கும் சட்டத்தை அந்த நாடு 1996 இல்தான் நீக்கியது. 2001 இல் குமமோட்டோ நீதிமன்றம் அரசே பொறுப்பு என்றது. அந்த வழக்கை நடத்தியவர்கள் யார்? அதே விடுதிகளுக்குள் பல்லாண்டுகளாகச் சங்கம் வைத்திருந்த முதிய நோயாளிகள். அடைபட்ட இடமே அவர்களுக்குச் சங்கமாகவும் ஆகியிருந்தது. கொடுமையும் துணையும் ஒரே கூரையின் கீழ் இருந்தன என்பதை ஏற்க மனம் கொஞ்சம் தயங்கும். ஆனாலும் நடந்தது அதுதான்.

மாந்தீவிலும் அதன் சாயலைப் பார்க்கலாம். நோய் குணமான பின்னும் அங்கேயே தங்கிவிட்ட முதியவர்கள் இருந்தார்கள். போக வீடு இல்லாதவர்கள், வீடு இருந்தும் வரவேண்டாம் என்று சொல்லப்பட்டவர்கள். நாற்பது வருடம் பக்கத்துக் கட்டிலில் கிடந்தவர் சொந்தத் தம்பியைவிட நெருக்கமானவர் ஆகிவிடுகிறார். கிழக்கில் தமிழருக்கும் முஸ்லிம்களுக்கும் நடுவே துப்பாக்கி நின்ற காலத்திலும், இந்த நோய்க்கு இனப் பதிவேடு தனியாக இருக்கவில்லை.

தீவைக் காலி செய்தது மாத்திரை. அதற்கு முன் இருந்தது எண்ணெய். நீரடிமுத்து எண்ணெய் சித்த மருத்துவத்தில் பழகிய பொருள். ஐரோப்பிய வைத்தியர்களும் அதன் இனத்து எண்ணெயையே ஊசியில் ஏற்றிப் பார்த்தார்கள். வலி கடுமையாக இருந்தது. பலன் சந்தேகமாகவே இருந்தது. 1940களில் சல்போன் மருந்துகள் வந்தன. தமிழ்நாட்டில் செங்கல்பட்டு லேடி வில்லிங்டன் மருத்துவமனையில் ரொபர்ட் கொக்ரேன் டாப்சோனைக் கொடுத்துப் பார்த்தார். மலிவான மருந்து, ஆனால் ஆயுள் முழுக்க விழுங்க வேண்டும். காலப்போக்கில் கிருமி அதற்குப் பழகிக்கொண்டது. 1981 இல் உலக சுகாதார நிறுவனம் ரிபாம்பிசின், குளோபாசிமின், டாப்சோன் மூன்றையும் சேர்த்துக் கொடுக்கும் கூட்டு மருந்துச் சிகிச்சையைப் பரிந்துரைத்தது. இலங்கை 1983 இல் அதைத் தொடங்கியது. கிருமி குறைவானவருக்கு ஆறு மாதம், கூடியவருக்கு ஒரு வருடம். முதல் வேளை மருந்து உள்ளே போன சில நாட்களிலேயே நோயாளி பிறருக்குத் தொற்றாதவர் ஆகிவிடுகிறார். நூற்றாண்டுகளாகத் தோணியும் வேலியும் சட்டமும் செய்ய முடியாததை ஒரு மாத்திரை அட்டை செய்தது.

1990 இல் இலங்கை இன்னொரு புது முயற்சி செய்தது. சுவிஸ் மருந்து நிறுவனமான சீபா-கைகியின் தொழுநோய் நிதியம் துணைநிற்க, சவர்க்காரத்துக்கும் தேயிலைக்கும் செய்வதுபோல் தொலைக்காட்சியிலும் வானொலியிலும் தொழுநோய்க்கு விளம்பரம் போனது. பயமுறுத்தும் படம் இல்லை. உணர்ச்சியற்ற படை இருந்தால் காட்டுங்கள், குணமாகும் என்ற செய்தி மட்டும். மக்கள் தாங்களாகவே கிளினிக்குகளுக்கு வந்தார்கள். பதிவான புது நோயாளிகளின் தொகை எகிறியது. மற்ற நாடுகள் பிறகு எடுத்துப் பார்த்த முன்மாதிரி அது.

கிழக்குக் கரைக்கு 1990 வேறு வருடம். ஜூனில் போர் மறுபடி மூண்டது. கல்முனைப் பொலிஸ் நிலையத்தில் சரணடைந்த பொலிசார் கொல்லப்பட்டார்கள். ஆகஸ்டில் காத்தான்குடிப் பள்ளிவாசல்களில் தொழுகையில் நின்றவர்கள் சுடப்பட்டார்கள். சில நாட்களில் ஏறாவூர். பழிக்குப் பழியாகத் தமிழ்க் கிராமங்களிலும் உயிர்கள் போயின. கல்முனையிலிருந்து மட்டக்களப்புக்குப் போகும் பாதையில் ஒரு முஸ்லிம் ஊர், ஒரு தமிழ் ஊர் என்று மாறி மாறி வரும். சாதாரண நாளில் பஸ்ஸில் ஒன்றரை மணித்தியாலம். அந்த நாட்களில் பிரசவ வலியோடு இருப்பவரைக்கூட அந்த வழியில் கொண்டுபோகத் தயங்கினார்கள். வலிக்காத ஒரு படைக்காக யார் கிளம்புவார்? வலிக்காது என்பதுதானே இந்த நோயின் சூதே.

தேசிய அளவில் கணக்கு நல்லபடியாகவே போனது. பத்தாயிரம் பேருக்கு ஒரு நோயாளிக்கும் குறைவு என்ற இலக்கை இலங்கை 1995 இல் எட்டியது. 2001 இல் தனித் தொழுநோய்ச் சேவை பொதுச் சுகாதாரத்தோடு கலந்தது. ஆனால் புது நோயாளிகள் நின்றுவிடவில்லை. கொரோனாவுக்கு முந்தைய ஆண்டுகளில் வருடத்துக்குச் சுமார் 1,600 முதல் 2,000 பேர் வரை பதிவானார்கள். அவர்களில் ஏறத்தாழப் பத்தில் ஒருவர் பிள்ளை. நோய் கூடிய இடங்களைச் சொல்லும்போது மேல் மாகாணத்தோடு மட்டக்களப்பும் கல்முனைப் பிராந்தியமும் சேர்ந்தே வரும். வீடும் வீடும் சுவரோடு சுவர் முட்டி நிற்கும் கரையில் அது ஆச்சரியமில்லை.

இன்றைய நோயாளி தீவுக்குப் போவதில்லை. மாதம் ஒருமுறை கிளினிக்குக்குப் போகிறார். அட்டையை வாங்கிச் சட்டைப் பைக்குள் மடித்து வைக்கிறார். மருந்தே சில சமயம் காட்டிக் கொடுத்துவிடும். ரிபாம்பிசின் எடுத்த அன்று சிறுநீர் செம்மஞ்சளாகப் போகும். குளோபாசிமின் தோலைக் கறுக்க வைக்கும். "என்ன காக்கா, இப்பிடிக் கறுத்துப் போய்ட்டீங்க?" என்று தேநீர்க் கடையில் கேட்டால், "வயல் வேல மச்சான், வெயில்" என்ற பதில் தயாராக இருக்கும். வயலுக்குப் போகாத கடைக்காரர் என்ன சொல்வார் என்பது அவரவர் சாமர்த்தியம்.

தொழிலும் காட்டிக் கொடுக்கும். கரைவலை இழுக்கும்போது ஈரக் கயிறு உள்ளங்கையில் ஓடும். மற்றவர்கள் சூடு பட்டதும் பிடியைத் தளர்த்துவார்கள். முழங்கை நரம்பு செத்தவருக்குச் சூடு தெரியாது. தோல் வழண்டு இரத்தம் கயிற்றில் பட்ட பிறகு பக்கத்தில் நிற்பவர்தான் பார்த்துச் சொல்லுவார். மருதமுனைத் தறியில் நூல் அறுந்தால் விரல் நுனியால் தடவிப் பிடித்து முடிவார்கள். அந்த நுனியில் உணர்ச்சி போனால் நெசவு போயிற்று. அடுப்படியில் சட்டியைப் பிடித்த பெண்ணுக்குக் கொப்புளம் எழும்பிய பிறகுதான் சுட்டது தெரியவரும்.

எல்லாவற்றுக்கும் மேலே கலியாணம். கிழக்கில் தமிழரிடமும் முஸ்லிம்களிடமும் மாப்பிள்ளைதான் பெண் வீட்டுக்குப் போவார். பெற்றோர் பெண்பிள்ளைக்கு வீடு கட்டிக் கொடுப்பார்கள். அக்கா ஒரு வளவு, தங்கை அடுத்த வளவு, நடுவில் ஒரே கிணறு. தாய் வழியில் குடி எண்ணும் ஊர்கள் இவை. இந்த அமைப்பில் நோய் ஓர் ஆளோடு நிற்பதில்லை. உம்மாவுக்கு என்றால் மூன்று பெண்மக்களின் கைக்கூலியும் ஏறும், அல்லது கேட்டு வந்தவர்கள் திரும்பிப் போவார்கள். சாச்சியின் பிள்ளைகளுக்கும் அதே கதி. தெரிந்த முகம் எதிர்ப்படாத தூரத்துக் கிளினிக்கைத் தேடிப் போவதும், பொதுச் சுகாதாரப் பரிசோதகர் மோட்டார் சைக்கிளை வாசலில் நிறுத்தாமல் ஒழுங்கைக்கு வெளியே நிறுத்தினால் நல்லது என்று கேட்டுக்கொள்வதும் இந்தக் கணக்கில் வருபவை.

ஆக, மாந்தீவின் நோயாளிக்குச் சுதந்திரம் இல்லை, துணை இருந்தது. சாய்ந்தமருதின் நோயாளிக்குச் சுதந்திரம் இருக்கிறது, தன் நோயுள்ள இன்னொருவரை அவர் வாழ்நாளில் பார்க்காமலே போகலாம்.

தமிழ்நாட்டில் கதை வேறு மாதிரி நடந்தது. டி. என். ஜகதீசன் ஆங்கிலம் கற்பித்தவர். இளமையிலேயே தொழுநோய் கண்டவர். சீனிவாச சாஸ்திரியாரின் கடிதங்களைத் தொகுத்துப் பதிப்பித்தவர். நோயை மறைக்காமல் அதையே தன் வேலையாக எடுத்துக்கொண்டார். காந்தியின் ஆக்கப்பணித் திட்ட நூலின் 1945 ஆம் ஆண்டுப் பதிப்பில் தொழுநோய்ப் பணி இடம்பெற்றது. இது பற்றிக் காந்தியோடு தொடர்பில் இருந்தவர்களில் ஜகதீசனும் ஒருவர். மழவந்தாங்கலில் கஸ்தூர்பா குஷ்ட நிவாரண நிலையம் எழுந்ததில் அவர் பங்கு பெரியது. கடைசியில் தன் கதையைத் தானே ஆங்கிலத்தில் நூலாக எழுதினார்.

அடுத்த தலைமுறையில் பி. கே. கோபால். சிறு வயதில் நோய் கண்டு, பிறகு சமூகப் பணி படித்து, கும்பகோணத்துத் தொழுநோய் மருத்துவமனையில் நெடுங்காலம் வேலை செய்தார். 1994 இல் பிரேசிலின் பெட்ரோபோலிஸ் நகரில் சில நாடுகளின் நோயாளிகளும் அவர்களின் நண்பர்களும் கூடி 'ஐடியா' என்ற உலகச் சங்கத்தை உருவாக்கியபோது அதன் நிறுவனர்களில் கோபால் இருந்தார். ஹவாயிலிருந்து பெர்னார்ட் புனிகையா, பிரேசிலிலிருந்து எல்லோரும் 'பகுராவ்' என்று அழைத்த பிரான்சிஸ்கோ நூனெஸ் ஆகியோரும் அதில் இருந்தார்கள். டொக்டர்கள் நோயாளிகளைப் பற்றிப் பேசிக்கொண்டிருந்த மேடையில் நோயாளிகளே பேசியாக வேண்டும் என்பது அவர்களின் கட்சி. பின்னர் இந்தியாவின் தொழுநோய்க் குடியிருப்புகளை ஒன்றாக இணைக்கும் தேசிய மன்றமும் கோபாலின் முயற்சியில் பிறந்தது. 2012 இல் அவருக்குப் பத்மஸ்ரீ கிடைத்தது. 2010 டிசம்பரில் ஐ.நா. பொதுச்சபை தொழுநோயாளருக்கு எதிரான பாகுபாட்டை ஒழிக்கும் கோட்பாடுகளை வரவேற்றுத் தீர்மானம் போட்டதற்குப் பின்னால் இப்படிப்பட்டவர்களின் பல வருடப் பேச்சு இருந்தது.

ஆனால் அந்த மன்றத்துக்கு அடித்தளம் எது என்று பார்க்க வேண்டும். இந்தியாவில் ஊரால் துரத்தப்பட்டவர்கள் ரயில் பாதையோரம், ஆற்றுப் புறம்போக்கு என்று தாங்களே போய்க் குடிசை போட்ட எழுநூறுக்கும் மேற்பட்ட குடியிருப்புகள். துரத்தல் இருந்த இடத்தில்தான் சங்கத்துக்கு ஆள் இருந்தது. அம்பாறைக் கரையில் அப்படிக் குடியிருப்புகள் இல்லை. அது இந்த ஊர்களின் நல்ல காலம். சங்கம் உருவாகாததற்கும் அதுவே ஒரு காரணம்.

குடியிருப்பும் இல்லாமல் சங்கம் கட்டிய வேறொரு நோயின் நோயாளிகள் சென்னையில் இருந்தார்கள். இந்தியாவில் எச்.ஐ.வி. முதன்முதல் கண்டுபிடிக்கப்பட்டது 1986 இல், அதே நகரத்தில். 1997 இல் பன்னிரண்டு பேர் சேர்ந்து எச்.ஐ.வி. உள்ளோர் கூட்டமைப்பை அங்கே தொடங்கினார்கள். மறு வருடம் பெண்கள் தனியாக ஓர் அமைப்பு கண்டார்கள். அப்போது கையில் மருந்து இல்லை. அரசு இலவச மருந்து கொடுக்கத் தொடங்கியது 2004 இல்தான். தாம்பரம் சானட்டோரியத்தின் வாங்குகளில் வரிசைக்குக் காத்திருந்தபோது அறிமுகமானவர்கள் பலர். கிழக்கிலங்கைத் தொழுநோயாளிக்கு மருந்து வந்து துணை போனது. இவர்களுக்கு மருந்து வருமுன்னே துணை வந்துவிட்டது.

கல்முனையில் அப்படி ஒன்று முளைக்குமா என்பதற்குச் சின்னச் சின்ன வாய்ப்புகள் இருக்கின்றன. உணர்ச்சி போன காலைக் காப்பாற்றும் வைத்தியம் மிக எளியது: தினமும் அரை மணித்தியாலம் தண்ணீரில் ஊற வைத்து, காய்ப்பைச் சுரண்டி, எண்ணெய் தடவி, விரலிடுக்கில் வெட்டு, கீறல், முள் இருக்கிறதா என்று பார்ப்பது. எத்தியோப்பியாவில் 1990களில் நோயாளிகள் குழுவாக உட்கார்ந்து ஒருவர் காலை ஒருவர் பார்க்கத் தொடங்கினார்கள். புண்களும் குறைந்தன, பேச்சும் வளர்ந்தது. ஐந்து வேளை ஒளு எடுத்துக் கணுக்கால் வரை கழுவும் ஊரில் பாதத்தைப் பார்க்க நேரம் இல்லை என்று யாரும் சொல்ல முடியாது. ஹவுளுக்கரையில் உட்காரும் ஒவ்வொரு முறையும் அது ஒரு சோதனைதான். ஒரு கதீப் இதை ஒரு ஜும்ஆவில் சொன்னால் கிளினிக்குச் சுவரொட்டியைவிட அதிகக் காதுகளுக்குப் போகும்.

இப்போது மருத்துவமே ஒளிவுமறைவோடு மோதும் இடத்துக்கு வந்துவிட்டது. நோயாளியின் வீட்டாருக்கும் அயலாருக்கும் ஒரே ஒரு வேளை ரிபாம்பிசின் கொடுத்தால், அடுத்த இரண்டு ஆண்டுகளில் அவர்களுக்கு நோய் வரும் வாய்ப்பு பாதிக்கு மேல் குறைவதை வங்காளதேச ஆய்வு காட்டியது. 2015 முதல் சில நாடுகள் இதைக் களத்தில் செய்து பார்த்தன. அவற்றில் இலங்கையும் ஒன்று. களுத்துறையிலும் புத்தளத்திலும் அது நடந்தது. 2018 இல் உலக சுகாதார நிறுவனம் இதைப் பரிந்துரைத்தது. நோயாளி சம்மதித்தால்தான் அயலாருக்குக் கொடுக்கலாம் என்பது விதி. காரணம் எளிது. மருந்தைக் கொண்டுபோய்ப் பக்கத்து வளவுக் கதவைத் தட்டினால் எதற்கு என்று கேட்பார்கள். ஒரே கிணற்றைச் சுற்றி மூன்று சகோதரிகளின் வீடு நிற்கும் வளவில், மூத்தவளின் நோயைச் சொல்லாமல் இளையவளின் பிள்ளைகளுக்கு அந்த ஒரு வேளை மருந்தைக் கொடுக்க முடியாது. சொன்னால், வீட்டுக்கு வந்துபோகும் தரகர் காதுக்கும் அது போகும். அந்தக் கதவைத் தட்டப் பரிசோதகரோடு கூடப் போக, அதே மருந்தை எடுத்துக் குணமாகி மகளையும் கட்டிக் கொடுத்த இன்னோர் உம்மா இந்தக் கரையில் நிச்சயம் இருக்கிறார். அவர் இருப்பது கிளினிக்குப் பதிவேட்டுக்கு மட்டும்தான் தெரியும்.